என்.பி.ஏ. குழு எல்.எம்.எஸ்.ஸைத் திறந்தால் எதைப் பார்க்கும்? கேள்வி பதில்

பொறியியல் கல்லூரிகளில் கோர்ஸ் ஃபைல்கள் (ஒரு பாடத்தின் நோட்ஸ், வினாத்தாள், மதிப்பெண் போன்றவற்றின் தொகுப்பு) அலமாரியை விட்டு எல்.எம்.எஸ். எனப்படும் இணையவழிக் கற்பித்தல் தளங்களான மூடுலுக்கும் கூகுள் கிளாஸ்ரூமுக்கும் போய்விட்டன. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) குழு வரும்போது இவற்றை எப்படிக் காட்டுவது என்று நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மதிப்பீட்டாளராகப் போய்வரும் இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மேடம், எல்லா கோர்ஸ் ஃபைலையும் டிரைவில் ஏற்றிவிட்டோம். இனி பிரிண்ட் தேவையில்லைதானே? (உதவிப் பேராசிரியர், கோவை)

பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது, தேடாமல் கிடைக்க வேண்டும். குழு மூன்று நாள்தான் இருக்கும், ஒரு புரோகிராமுக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள். அதற்குள் ஆய்வகம் பார்க்க வேண்டும். ஆசிரியர், மாணவர், முன்னாள் மாணவர், பெற்றோர், வேலை கொடுப்பவர் என்று எல்லாரிடமும் பேச வேண்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' என்று மூன்று கோப்பு கிடந்தால் எதைத் திறப்பது? எஸ்.ஏ.ஆர். (கல்லூரி தானே எழுதித் தரும் சுயமதிப்பீட்டு அறிக்கை) படிவத்தில் உள்ள கிரைட்டீரியன் (மதிப்பீட்டு அளவுகோல்) எண் வரிசையில் ஒரே ஒரு அட்டவணைப் பக்கம் போட்டு, அங்கிருந்து லிங்க் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட கூட்டக் குறிப்புகளும் திருத்திய விடைத்தாள்களும் மட்டும் அசலாகவே மேசையில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள்? (இணைப் பேராசிரியர், திருச்சி)

பி.பி.டி.க்களைத் திறப்பது குறைவு. நல்ல பி.பி.டி. யாரிடமும் வாங்கிவிடலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எஸ்.ஏ.ஆரில் ஒரு வரி இருக்கும்: 'தெர்மோடைனமிக்ஸில் சி.ஓ. 3 அட்டெயின்மென்ட் குறைவு. நடவடிக்கை: கூடுதல் டியூட்டோரியல்.' (சி.ஓ. என்பது ஒரு பாடத்தை முடித்ததும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது; அட்டெயின்மென்ட், அதை எவ்வளவு எட்டினார்கள் என்ற அளவு.) அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்.எம்.எஸ்.ஸுக்குள் போவேன். டியூட்டோரியல் ஷீட் அங்கே இருக்கிறதா? என்றைக்குப் போட்டார்கள்? எத்தனை பேர் சமர்ப்பித்தார்கள்? என்ட்ரோபி கணக்கில் தப்பு செய்த பையனுக்கு ஆசிரியர் என்ன எழுதினார்? 'குட்', 'சீன்' என்று மட்டும் இருக்கிறதா, அல்லது 'வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல் விட்டிருக்கிறாய்' என்று ஒரு வரியாவது இருக்கிறதா? அப்புறம் அடுத்த வருடத்து வினாத்தாள். அதே சி.ஓ.வைச் சோதிக்கும் கேள்வி அதில் வந்ததா, மதிப்பெண் ஏறியதா? இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தால் அந்தத் துறையைப் பற்றி எனக்கு வேறு சான்று அதிகம் தேவைப்படாது.

இன்னொன்று, முதல் மதிப்பெண் வாங்கியவரின் அசைன்மென்டை மட்டும் மாதிரியாக வைக்காதீர்கள். நடுத்தரமானது, கடைசியாக வந்தது இரண்டும் வேண்டும். ஆசிரியரின் உழைப்பு தெரிவது அந்தக் கடைசித் தாளில்தான்.

பாடத்தின் சி.ஓ.க்கள் முழுப் படிப்பின் இலக்குகளான பி.ஓ.க்களோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் சி.ஓ.–பி.ஓ. அட்டவணையில், எல்லாக் கட்டத்திலும் உச்ச அளவான 3 போடுபவர்களுக்கு: அது உங்களுக்கு எதிரான சாட்சி. ஒரு கணக்குப் பாடம் டீம்வொர்க்குக்கும் 3 என்றால், அதை எப்படிச் சோதித்தீர்கள் என்பதுதான் எங்கள் அடுத்த கேள்வி.

ஐந்து யூனிட் நோட்ஸும் ஒரே இரவில் ஏற்றியதாகத் தேதி காட்டுகிறது. என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

ஒன்றும் செய்யாதீர்கள். தேதியை மறைக்கப் பார்ப்பதுதான் வில்லங்கம். காகிதத்தில் இருந்ததை ஸ்கேன் செய்து இப்போதுதான் ஏற்றினோம் என்றால் அதையே ஃபோல்டர் பெயரில் எழுதிவிடுங்கள். யாரும் தலையைச் சீவிவிட மாட்டார்கள். மூடுலின் லாக்கில் யார், எப்போது, என்ன செய்தார் என்பது வரிவரியாக நிற்கும். நடக்காத டியூட்டோரியலுக்கு நேற்று ராத்திரி வருகைப் பதிவு உருவாக்கினால் லாக்கும் காட்டிக்கொடுக்கும், மாணவர்களும் காட்டிக்கொடுப்பார்கள்.

வேலையை விட்டுப்போன ஆசிரியரின் கிளாஸ்ரூம் திறக்கவே மாட்டேன் என்கிறது. (துறைத் தலைவர், மதுரை)

இது பல கல்லூரிகளில் நடக்கிறது. ஆசிரியர் ரிலீவ் ஆன மறுவாரமே ஐ.டி. பிரிவு அவருடைய மெயில் கணக்கை நீக்கிவிடும். டிரைவில் அவர் பெயரில் இருந்த கோப்புகளும் அதோடு போய்விடும். ரிலீவிங் ஆர்டர் கொடுக்கும் முன் கோப்புகளின் உரிமையைத் துறைக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று நோ–டியூஸ் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதைவிட நல்லது, ஆரம்பத்திலிருந்தே ஷேர்டு டிரைவில் வைப்பது. அங்கே கோப்பு ஆளுக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம்.

மூடுலில் வேறு ஆபத்து. புது செமஸ்டருக்காகக் கோர்ஸை ரீசெட் செய்யும்போது பழைய பேட்சின் சமர்ப்பிப்புகள் அழிந்துவிடும். ரீசெட்டுக்கு முன் பயனர் தரவோடு சேர்த்து பேக்கப் எடுங்கள். 'பயனர் தரவோடு' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்த டிக் விட்டுப்போனால் பேக்கப்பில் பாடம் இருக்கும், மாணவர்கள் இருக்க மாட்டார்கள். குழு நடப்பு ஆண்டோடு முந்தைய ஆண்டுகளையும் பார்க்கும், மறக்க வேண்டாம்.

குழுவுக்கு லாகின் எப்படிக் கொடுப்பது? (ஐ.க்யூ.ஏ.சி. எனும் உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர், சேலம்)

மூடுலில் பார்க்க மட்டும் அனுமதியுள்ள ஒரு ரோல் உருவாக்குங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் கோ–டீச்சராகச் சேர்த்தால் திருத்தவும் முடிந்துவிடும். அங்கே பாட ஆசிரியரே பக்கத்தில் உட்கார்ந்து திறந்து காட்டுவது உத்தமம். எதுவானாலும் முந்தின நாள், கல்லூரிக் கணக்கு இல்லாத ஒரு லேப்டாப்பில் எல்லா லிங்கையும் சொடுக்கிப் பாருங்கள். 'அனுமதி கேள்' என்று வந்தால் அப்போதே சரிசெய்யலாம். நெட் படுத்துவிடும் என்ற பயம் இருந்தால் ஹார்டு டிஸ்கில் ஒரு நகல்.

இணைப்புக் கல்லூரி நாங்கள். செமஸ்டர் விடைத்தாள் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறதே? (விருதுநகர்)

குழுவுக்கும் அது தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடங்களுக்கு இன்டெர்னல் 40, செமஸ்டர் 60. உங்கள் கையில் இருப்பது அந்த 40. அதன் வினாத்தாள், விடைக் குறிப்பு, திருத்திய தாள்கள் கச்சிதமாக இருந்தால் போதும்.

என்.பி.டி.இ.எல். சான்றிதழ்களை அடுக்கலாமா? (உதவிப் பேராசிரியர், ஈரோடு)

அடுக்கலாம். அது ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்; அதில் 25 சதவீதம் அசைன்மென்ட், 75 சதவீதம் நேரில் எழுதும் தேர்வு என்பதால் மதிப்பு உண்டு. ஆனால் ஐ.ஐ.டி. பேராசிரியரின் வீடியோ லிங்கை ஒட்டிவிட்டு 'எங்கள் ஆன்லைன் கன்டென்ட்' என்று தலைப்பு வைப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் எம்.பி.ஏ. இருக்கிறது. அதற்கு எதைத் தயாராக வைப்பது? (சென்னை)

அது யு.ஜி.சி.யின் 2020 ஒழுங்குமுறைக்குள் வரும். வீடியோ, வாசிப்புப் பகுதி, விவாத மேடை, சுய மதிப்பீடு என்று நான்கும் ஒவ்வொரு பாடத்திலும் இருக்க வேண்டும். தொடர் மதிப்பீடு அதிகபட்சம் 30 சதவீதம், இறுதித் தேர்வு குறைந்தது 70. எந்தக் குழு வந்தாலும் நேராக விவாத மேடைக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வணக்கம் சார்', 'நன்றி சார்' தவிர வேறொன்றும் இல்லாத மேடைகள்தான் அதிகம்.

மாணவர் மதிப்பெண்ணைக் காட்டுவது சட்டப்படி சரியா? (கணினித் துறை, வேலூர்)

மதிப்பீட்டுக்காகக் குழுவுக்குக் காட்டுவது வேறு, லிங்க் உள்ள எவரும் பார்க்கும்படி திறந்துவிடுவது வேறு. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. குழு கிளம்பிய அன்றே லாகினை முடக்குங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ் நகல்கள் கோர்ஸ் ஃபோல்டரில் கிடந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

மாணவர்களிடமும் எல்.எம்.எஸ். பற்றிக் கேட்பீர்களா? அவர்களைத் தயார்படுத்தலாமா? (திருநெல்வேலி)

கேட்பேன். ஆசிரியர்கள் இல்லாத அறையில், 'உன் போனில் திறந்து காட்டுப்பா' என்பேன். போன வாரம்தான் முதல்முறையாக லாகின் செய்த மாணவன் பாஸ்வேர்டைத் தேடுவான். வழக்கமாகப் பயன்படுத்துபவன், 'மேடம், ஆப் ஸ்லோ, ஆனா ஃப்ளூயிட்ஸ் சாரோட கணக்கு எல்லாம் இதுலதான் இருக்கு' என்று குறையோடு சேர்த்தே சொல்வான். அவனை அப்படியே விட்டுவிடுங்கள், எதையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம்.