சர்க்கரை நோய் பரம்பரையா, பழக்கவழக்கமா?

பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் நமக்கும் கட்டாயம் வருமா, இல்லை சாப்பாடும் பழக்கமும்தான் காரணமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகையில் இரண்டுக்குமே பங்கு உண்டு.

பரம்பரையாக வருவது நோயல்ல, அதற்கான வாய்ப்பு. டிசிஎஃப்7எல்2 போன்ற மரபணுக்களின் சில மாறுபாடுகள் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனைக் குறைக்கின்றன. அப்புறம் தொப்பை போட்டு, உடலசைவும் குறைந்தால், சுரக்கிற இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. கணையம் ஈடுகொடுக்க முடியாமல் திணறும்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. மரபு வலுவாக இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

சரி, மரபை மீற முடியுமா? பெருமளவு முடியும். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு இயங்கிய பிரிவில், சுமார் மூன்று ஆண்டுகளில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான்.

முதல் வகை வேறு கதை. அதில் உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. இனிப்பு கொடுத்துக் கெடுத்தீர்கள் என்று அந்தக் குழந்தைகளின் பெற்றோரைக் குறை சொல்வது பெரிய அநியாயம்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அதுதான் விளிம்புநிலை. உடனே மருத்துவரைப் பாருங்கள்.