பார்த்துக் கற்றல் என்றால் என்ன?

பிறர் செய்வதைக் கவனித்து, மனத்தில் பதித்து, வாய்ப்பு வரும்போது தாமும் அவ்வாறே செய்வதுதான் பார்த்துக் கற்றல். எல்லாவற்றையும் தானே செய்து, தவறி, அடிபட்டுத்தான் அறிய வேண்டுமென்றால் ஒரு வாழ்நாள் போதாது என்பதே இப்படிக் கற்பதற்குக் காரணம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, 'சுர்' என்ற ஓசை கேட்ட பிறகே பாட்டி மாவை ஊற்றுவதைப் பார்த்த பேத்தி, யாரும் சொல்லித் தராமலே தன் சொப்புச் சாமானிலும் முதலில் தண்ணீர் தெளிப்பாள். ஓசையை வாயாலேயே எழுப்பிக்கொள்வாள்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965இல் வெளியிட்ட ஆய்வில், பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் அதை அவ்வளவாகப் பின்பற்றவில்லை; ஆனால், செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும், தண்டனையைப் பார்க்காத மற்றக் குழந்தைகளுக்கு இணையாகவே செய்துகாட்டினர். எனவே, குழந்தை ஒன்றைத் திருப்பிச் செய்யவில்லை என்பதாலேயே அதைக் கற்றுக்கொள்ளவில்லை என்று பலர் எண்ணுவது தவறு.