மஞ்சளும் சுடுகாட்டு மல்லியும்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி நடக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் வீக்கத்தையும் புற்றுசெல்களையும் அடக்குவதாக ஏகப்பட்ட ஆய்வகக் கட்டுரைகளைப் படித்தேன். அப்படியானால் ஏன் அது மருந்தாக வரவில்லை? கம்பெனிகள் மறைக்கின்றனவா? தங்கைக்கு குர்குமின் மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ராத்திரி தூங்காமல் கட்டுரை தேடுகிறீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் தேடியவன்தான்.

சதிக் கதையை விடுங்கள், அதைப் பேசும் வயதைத் தாண்டிவிட்டேன். குர்குமின் கண்ட புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், ஒளி பட்டால் தானும் ஒளிரும். அதனால் சோதனைக்குழாயில் வேலை செய்வதுபோலக் காட்டி ஆய்வாளரையே ஏமாற்றும். விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதும் சொற்பம். 2017இல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாகவே எழுதிவிட்டார்கள்.

மறைக்கிறவர்கள் புற்றுநோய் மருந்து தந்த நித்யகல்யாணிச் செடியை ஏன் விட்டுவைத்தார்கள்? எங்கள் ஊரில் அது சுடுகாட்டு மல்லி. அம்மா வாசலில் வைக்க விடமாட்டாள்.

1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் அதன் இலைகள் இருபத்தைந்தை கனடாவிலிருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். (இன்சுலின் ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர 1921இல் காசு சுண்டிப் பார்த்துத் தோற்றவர் இந்த கிளார்க். ஜெயித்தவர் சார்லஸ் பெஸ்ட்.) இலைகள் தம்பி ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்குப் போயின. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை இம்மியும் குறையவில்லை. நரம்பில் ஊசியாகப் போட்டார்கள், கிருமித்தொற்று வந்து எலிகள் செத்தன. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன.

கவனியுங்கள். அதே இலை, அதே எலி. வாயில் போனால் ஒன்றுமில்லை, ரத்தத்தில் போனால் சாவு. வேறு யாராவது குப்பையில் போட்டிருப்பார்கள். ராபர்ட் நோபிளும் அவரோடு வேலை செய்த வேதியியலாளர் சார்லஸ் பீரும் அந்தச் சாவைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையணுவை அழிக்கிற ஒன்று, வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயையும் அழிக்காதா? இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினை 1958இல் அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து வேறொரு குழு எடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டும் நுண்குழாய்களைக் கட்டவிடாது, அவ்வளவுதான் அதன் வித்தை. செடி மருந்தல்ல ஐயா. அளந்து, சுத்தப்படுத்தி, எந்த வழியாக எவ்வளவு என்று முடிவான பிறகுதான் மருந்து. இது புரியாமல்தான் என் பெரியப்பா சர்க்கரைக்கு அந்த இலையை மென்று மென்று வாய் கசந்து திரிந்தார்.

அக்கா மகனுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. வின்கிறிஸ்டின் ஊசி போட்ட அன்று, அது எதிலிருந்து எடுத்தது என்று வராந்தாவில் அம்மாவிடம் சொன்னேன். “சுடுகாட்டுப் பூவா என் பேரனுக்கு?” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, ஊரில் யார் வீட்டில் இருக்கிறது?” என்று கேட்டாள். இப்போது அவன் முடியை வளர்த்துக் குடுமி போட்டிருக்கிறான், அது வேறு தலைவலி.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். டாக்டரிடம் கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், கீமோ மருந்தோடு அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டியவர் அவர். குழம்பில் போடுகிற மஞ்சளோடு எனக்குச் சண்டை இல்லை. தங்கைக்கு வாய்க்கு ருசியாக எது இறங்குகிறதோ அதைச் செய்து கொடுங்கள்.