சேலத்தில் மூக்கைச் சீரமைக்க ரூ.1.3 லட்சம்: தவணையா, அம்மாவின் சங்கிலியா, சீட்டா?

கேள்வி: எனக்கு வயது 26. மூக்குத் தண்டில் உள்ள மேட்டைச் சரிசெய்ய நினைக்கிறேன். மருத்துவமனையில் ரொக்கமாகக் கட்டினால் ரூ.1,30,000, ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் மாதம் ரூ.12,000 வீதம் 12 மாதம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம். 2 லட்ச ரூபாய் சீட்டு ஒன்று மூன்றாம் மாதத்தில் ஓடுகிறது. வீட்டுக்குத் தெரியாமல் முடிக்க எது நல்ல வழி?

பதில்: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவள். அதனால் மூக்கையும் வட்டியையும் பற்றிச் சேர்த்தே பேசுகிறேன்.

உங்கள் கணக்கில் அதிகம் செலவு வைக்கப்போவது ‘வீட்டுக்குத் தெரியாமல்’ என்ற நிபந்தனைதான். அந்த நிபந்தனை இருப்பதால்தான் மருத்துவமனைத் தவணை கவர்ச்சியாகத் தெரிகிறது. கையெழுத்துப் போட்டால் போதும், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். அந்த வசதிக்கு என்ன விலை என்று பாருங்கள். 12 தவணையும் சேர்ந்து ரூ.1,44,000. ரொக்க விலையைவிட 14,000 கூடுதல். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 19 சதவீதம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது கடன் தருபவர் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தனை கொடுத்தும் அந்த ரகசியம் நிற்காது. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் உடன் ஓர் ஆள் வேண்டும். மூக்கின் மேல் ஒரு வாரம்போலக் கட்டு இருக்கும். கண்களைச் சுற்றி நீலம் பாய்ந்து வீங்கும். நான் கண்ணாடி அணிபவள். மூக்கில் பாரம் கூடாது என்பதால் கண்ணாடியின் நடுப்பகுதியை நெற்றியோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டுதான் பேரேட்டைப் பார்த்தேன். வருவோர் போவோரெல்லாம் விசாரித்தார்கள். மூக்குத்தியையும் கழற்றியாக வேண்டும். அதைக் கவனிக்காத அம்மா நம் ஊரில் இருக்கிறார்களா?

சங்கிலிக்கும் இதே கதிதான். வட்டியை மட்டும் பார்த்தால் நகைக்கடன் மோசமில்லை. தனிநபர்க் கடனைவிடக் குறைவு. கூட்டுறவு வங்கியிலும் கிடைக்கும். ஆனால் அது அம்மாவின் சங்கிலி. அடுத்த முகூர்த்தத்தில் “ஏன் கண்ணு, அம்மா கழுத்தில் சங்கிலியைக் காணோமே?” என்று அத்தை கேட்கும்போது பதில் சொல்லப்போவது அம்மாதான். அவரே மனதாரக் கழற்றிக் கொடுத்தால் வாங்குங்கள். உங்கள் பெயரில் சொந்த நகை இருந்தால் அது வேறு கணக்கு.

சீட்டுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல பொருள். ஆனால் இப்போது எடுக்காதீர்கள். ஆரம்ப மாதங்களில் அவசரக்காரர்கள்தான் போட்டி போட்டுத் தள்ளி, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, எடுப்பார்கள். 30 சதவீதம் தள்ளினால் 60,000 போய், கைக்கு வருவது 1,40,000. மாதத் தவணையோ கடைசி வரை ஓடும். பாதியைத் தாண்டினால் ஏலத்தின் சூடு பெரும்பாலும் தணிந்துவிடும். அதுவரை மற்றவர்கள் தள்ளியதில் உங்கள் பங்கும் கழிவாக வந்துகொண்டிருக்கும். சீட்டு பதிவானதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக 2019-இல் உயர்த்தினார்கள். அதற்கு மேல் பிடித்தால் கேளுங்கள். நானும் சீட்டைப் பாதிக்கு மேல் ஓடவிட்டுத்தான் எடுத்தேன். வீட்டில் சொல்லியும்விட்டேன். அம்மா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மருத்துவமனையில் உடன் இருந்ததும் அவர்தான்.

பணத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூச்சு ஒரு பக்கம் அடைக்கிறதா? இரு மூக்குத் துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருந்தால் அதைச் சரிசெய்வது அழகுக்கான சிகிச்சை ஆகாது. மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்புக் காலத்துக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் பணம் கிடைக்கும். அழகுக்காகச் செய்வதற்குக் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது போன்றவைதான் விதிவிலக்கு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். அழகுக்காக மட்டும் என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. உங்களுக்குச் சொன்ன 1,30,000 அதையும் சேர்த்தா? இல்லையென்றால் இன்னும் 23,400 வேண்டும். சம்பளமில்லா விடுப்பு, மருந்து எல்லாம் தனி. சிலருக்குத் திருத்தி மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். வீக்கம் முழுதாக வடிந்து மூக்கின் வடிவம் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். அப்போதும் தவணை கட்டிக்கொண்டிருப்பது எரிச்சலான வேலை.

தவணைக்கு மாதம் 12,000 ஒதுக்க முடியும் என்று நினைத்துத்தானே கேட்டீர்கள்? அதையே வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டு வாருங்கள். 11 மாதத்தில் 1,32,000 சேர்ந்துவிடும், வட்டி தனி. சீட்டைத் தொடவே வேண்டியிருக்காது.

இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை என்று அவசரப்படுத்துவார்கள். மனம் மாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் நான் ரத்த அழுத்தம்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டேன்.