ரோமில் மூன்று நாள், முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் நானும் கணவரும் 68 வயது அம்மாவும் ரோம் நகருக்குப் போகிறோம். வெள்ளி இரவு இறங்கி, செவ்வாய் காலை கிளம்புகிறோம். கையில் இருப்பது சனி, ஞாயிறு, திங்கள். பார்க்க வேண்டியவை என்று 14 இடங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எதற்கு முன்பதிவு செய்வது, எதை விடுவது? எல்லா இடத்துக்கும் மெட்ரோவிலேயே போய்விடலாமா?

பதில்: உங்கள் 14 இடங்களும் வரைபடத்தில் அருகருகே இருப்பதாகத்தான் தெரியும். பழைய ரோம் உண்மையிலேயே சிறியது. ட்ரெவி நீரூற்றிலிருந்து பாந்தியன் என்ற பண்டைய கோயிலுக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து பியாஸா நவோனா சதுக்கம் ஐந்து நிமிடம். ஆனாலும் அந்த ஊரில் நேரத்தைத் தின்பது தூரம் அல்ல, வரிசை. ஆகவே இடங்களை எண்ணாமல் வரிசைகளை எண்ணுங்கள். வரிசை மோசமாக இருக்கும் இரண்டு இடங்கள் கொலோசியமும் வாடிகன் அருங்காட்சியகமும். இந்த இரண்டுக்கும் நேரம் குறித்த டிக்கெட் வாங்கிய பிறகுதான் மற்றதை யோசிக்க வேண்டும்.

உங்கள் நாள்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களும் கொலோசியமும் இலவசம். கேட்க இனிக்கும், நேரில் போனால் ஊரே அங்கே நிற்கும். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். போர்கேசே கலைக்கூடம் திங்களன்று மூடியிருக்கும். ஆக, உங்களுக்கு வழி ஒன்றுதான்: சனி கொலோசியம், திங்கள் வாடிகன், ஞாயிறு டிக்கெட் தேவைப்படாத தெருக்களும் சதுக்கங்களும். போர்கேசேயை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். அங்கே முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம்தான் அனுமதி. மூன்று நாளுக்குள் அதையும் திணித்தால் மற்ற எல்லாம் ஓட்டமாகிவிடும்.

கொலோசியத்தின் டிக்கெட் விற்பனை 30 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. கடவுச்சீட்டில் உள்ள பெயரை அப்படியே கொடுங்கள். வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்த அரங்கம் அது. மேல் தளத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை. மின்தூக்கி உண்டு, உள்ளே நுழைந்ததுமே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். அதே டிக்கெட்டில் பண்டைய நகரின் மையமான ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடங்கும். அம்மாவைப் பொறுத்தவரை உண்மையான சோதனை ஃபோரம்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சாலைக் கற்கள், மேடும் பள்ளமும், நிழலே கிடையாது. அவரை அங்கே இறக்காதீர்கள். கேபிட்டோலைன் குன்றின் பின்புறமிருந்து பார்த்தால் முழு ஃபோரமும் காலடியில் விரியும். டாக்சியில் குன்றுக்கு ஏறி, அங்கே அரை மணி நேரம் நின்று பார்ப்பது, உள்ளே போய் எந்தத் தூண் எது என்று குழம்புவதைவிட நல்லது என்பது என் கட்சி.

வாடிகனுக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தின் வாசலும் புனித பேதுரு பேராலயத்தின் வாசலும் ஒன்றல்ல. ஒன்று மதிலின் வடபுறம், மற்றொன்று பெரிய சதுக்கத்தில். நடுவே மதிலைச் சுற்றிக் கால் மணி நேரத்துக்கு மேல் நடை. நானே முதல் முறை கையில் அருங்காட்சியக டிக்கெட்டை வைத்துக்கொண்டு பேராலய வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றவன். அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்திலிருந்து பேராலயத்துக்கு நேராக இறங்கும் வழி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வழிகாட்டியுடன் வரும் குழுக்களுக்கானது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பேராலயத்துக்கு நுழைவு இலவசம், காலை 7 மணிக்குத் திறக்கும். திங்களன்று ஏழுக்கே அங்கே நின்றால் பாதுகாப்புச் சோதனை சட்டென்று முடியும். மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிற்பத்தை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். குவிமாடம் ஏற 551 படிகள்; மின்தூக்கியில் போனாலும் 320 மிஞ்சும். கணவர் ஏறட்டும், நீங்களும் அம்மாவும் கீழே இருங்கள். பிறகு சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணி வாக்கில் நுழையும்படி அருங்காட்சியகத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வையுங்கள்.

அருங்காட்சியகத்தில் அடையாள ஆவணத்தைக் காட்டினால் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். "எனக்கு எதற்கு நாற்காலி?" என்று உங்கள் அம்மா கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சிஸ்டைன் சிற்றாலயம் பாதையின் கடைசியில்தான் வரும், அதற்குள் கால் ஓய்ந்துவிடும். 1508 முதல் 1512 வரை வரையப்பட்ட அந்தக் கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு உட்கார்ந்த இடமே வசதி. அங்கே படம் எடுக்கத் தடை, பேசவும் கூடாது.

மெட்ரோ பற்றிக் கேட்டீர்கள். ஊருக்குள் ஏ, பி, சி என்று மூன்று பாதைகள்தான். எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒரு நூற்றாண்டு தலை நீட்டுவதால் சுரங்கம் மெதுவாகவே நகர்கிறது. 2018இல் திறந்த சான் ஜொவானி நிலையத்தில், தோண்டும்போது கிடைத்த பொருள்களையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கொலோசியத்துக்கும் வாடிகன் பக்கத்துக்கும் மெட்ரோ உதவும். பாந்தியன், நவோனா பகுதியில் நிலையமே இல்லை. அங்கே பஸ், டாக்சி அல்லது கால். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது; பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து வெள்ளை நிற டாக்சியே எடுங்கள். ரோமின் பழைய நகர மதிலுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு, பெட்டிகளும் அதில் அடக்கம். ஏறுமுன் அந்தத் தொகையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலணிதான் உங்கள் மிக முக்கியமான சாமான். தெருக்களில் பாவியிருக்கும் கரிய பாறைக் கட்டிகளுக்கு சம்பியெத்ரீனி என்று பெயர். பார்க்க அழகு, மழையில் வழுக்கும், மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பை ஊடுருவிக் குத்தும். புதுக் காலணி வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழகுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 1874 முதல் தெருவோரங்களில் நிற்கும் நசோனி எனப்படும் இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீறிடும், குனியாமல் குடிக்கலாம்.

ஞாயிறன்று ட்ரெவிக்குக் காலை ஏழுக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு நீரூற்றைக் காண முடியாது, தலைகளைத்தான் காணலாம். ஸ்பானியப் படிக்கட்டில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள். 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம். அவரை உட்கார வைக்கத் தேவாலயங்களே சிறந்த இடம். நவோனாவுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜோவின் மூன்று ஓவியங்கள் இலவசமாகக் காத்திருக்கின்றன. ஆனால் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், மதியமும் பல தேவாலயங்கள் மூடிவிடும். நான்கு மணிக்கு மேல் போங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு சால்வை பையில் இருக்கட்டும்.

பாந்தியனைச் சனி மாலைக்கு வையுங்கள். 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு, முன்கூட்டியே வாங்கிவிடலாம். 43 மீட்டர் அகலமுள்ள அந்தக் கான்கிரீட் குவிமாடத்தில் கம்பி ஒன்றுகூட இல்லை. உச்சியில் திறந்த வட்டத் துளை. அக்டோபரில் அங்கே மழைக்கு வாய்ப்பு அதிகம். மழை வந்தால் விடுதியிலேயே இருந்துவிடாதீர்கள், அன்றைக்குத்தான் அவசியம் போக வேண்டும். துளை வழியே மழை நேராகக் கூடத்தின் நடுவில் இறங்கும், தரையில் உள்ள சிறு துளைகளில் வடிந்துவிடும். சுவரோரம் நின்றால் ஒரு சொட்டும் மேலே படாது.