மாணவர்களே தொகுக்கும் சட்ட இதழ்களுக்கு ஆய்வுலகில் மதிப்பு உண்டா?

தருமபுரியில் சட்டம் பயிலும் மாணவர் ஒருவர், பேராசிரியர்கள் எழுதும் கட்டுரைகளை மாணவர்களே தேர்ந்தெடுத்துத் திருத்தி வெளியிடும் இதழ்களை எவரேனும் மதிக்கிறார்களா, தம் கல்லூரியிலும் ஒன்றைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரியில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் நான், பெங்களூரில் படித்தபோது இரண்டாண்டுகள் அத்தகைய இதழொன்றில் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தவன்.

மருத்துவத்திலோ இயற்பியலிலோ ஒரு கட்டுரையின் தகுதியை அத்துறை அறிஞர்களே முடிவு செய்வார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளிலோ பெரும்பாலும் இன்னும் பட்டம் பெறாத மாணவர்கள்தாம் அதை முடிவு செய்கிறார்கள். அவ்வாறு 1887-இல் தொடங்கிய ஹார்வர்டு சட்ட இதழ், மூன்றாண்டுகள் கழித்து, வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைசும் அந்தரங்க உரிமையைப் பற்றி எழுதிய கட்டுரையை வெளியிட்டது. 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோதும் அந்தக் கட்டுரை விவாதிக்கப்பட்டது.

ஆயினும் குறைகளை மறைக்க முடியாது. புதிய வாதம் எது, பழைய வாதத்தின் மறுபதிப்பு எது என்று பிரித்தறியும் அனுபவம் இருபது வயதுக்காரருக்கு இராது. ஆகவே எழுதியவரின் பெயரும் பல்கலைக்கழகமும் அவரைக் கவர்ந்துவிடுகின்றன. யேல் பேராசிரியர் பிரெட் ரோடெல் 1936-லேயே சட்டக் கட்டுரைகளின் நடையையும் சரக்கையும் ஒருசேரக் கண்டித்து எழுதினார். அதை வெளியிட்டதும் வர்ஜீனியாவின் மாணவர் இதழ்தான் என்பது வேடிக்கை.

என் பார்வையில் இவ்விதழ்களின் உண்மையான பயன் கட்டுரைத் தேர்வில் இல்லை. அடிக்குறிப்புச் சரிபார்ப்பில் இருக்கிறது. கட்டுரையாளர் ஒரு தீர்ப்பைச் சுட்டினால், அந்தத் தீர்ப்பின் குறிப்பிட்ட பத்தியைத் திறந்து, அவர் சொல்வதை நீதிமன்றம் உண்மையிலேயே சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை பெயர் பெற்ற ஒருவரின் கட்டுரையில் உச்ச நீதிமன்றத்தின் கருத்தாக மேற்கோள் காட்டப்பட்ட வாக்கியம், தோற்றுப்போன தரப்பு வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதி பதிவு செய்த வரியாக இருந்ததைக் கண்டேன். தீர்ப்பின் தலைப்பில் அச்சிடப்படும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்து வாதாட வருபவர்களை இன்று எதிர்கொள்ளும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வருகிறது. ஐந்தாண்டுப் படிப்பில் எந்தப் பாடமும் எனக்கு இந்த ஐயப்படும் பழக்கத்தைத் தந்ததில்லை.

ஆகவே தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் டெல்லிப் பேராசிரியர்களின் கட்டுரைகளைத் துரத்தாதீர்கள். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் சட்ட அறிக்கைத் தொகுதிகள் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையுமே கவனிப்பதால், சாட்சிகளை நேரில் கண்டு எடைபோட்ட விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்புகள் படிப்பாரற்றுப் போகின்றன. அரூர் அருகே வாச்சாத்தியில் 1992-இல் பழங்குடி மக்கள்மீது நடந்த கொடுமைக்காக, குற்றம் சாட்டப்பட்ட 269 அரசுப் பணியாளர்களில் அதுவரை உயிருடன் இருந்த 215 பேரையும் 2011-இல் தண்டித்தது உங்கள் தருமபுரி நீதிமன்றம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனை ஆண்டுகள் கழித்துக் கூறப்பட்ட சாட்சியத்தை நீதிமன்றம் எப்படி மதிப்பிட்டது என்று இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து ஒரு மாணவர் பத்துப் பக்கம் எழுதினால், நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

காசு என்றதும் ஒன்று: கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு திருத்தமும் செய்யாமல், சில நாட்களில் சான்றிதழ் அனுப்பும் இணைய இதழ்கள் நிறைய உள்ளன. என்னிடம் ஜூனியராகச் சேர வருகிறவர்கள் அச்சான்றிதழ்களைக் காட்டும்போது நான் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

ஆசிரியர் குழு ஆண்டுதோறும் பட்டம் பெற்றுப் போய்விடும் என்பதுதான் நீங்கள் சந்திக்கப்போகும் பெரிய சிக்கல். கற்றதை எழுதிவைப்பதே அதற்கு வழி. அமெரிக்கச் சட்ட உலகமே இன்று மேற்கோள் முறைக்காகப் புரட்டும் புளூபுக்கும் 1926-இல் மாணவர் இதழ்களுக்கான சிறு கையேடாகத்தான் வெளிவந்தது. நீங்களும் முதல் இதழைத் தயாரிக்கும்போதே, எதை எப்படிச் சரிபார்த்தோம் என்று நான்கு பக்கம் எழுதி அடுத்த குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.