ஐந்து தடவை அழுத்தினேன், ஒன்றுதான் வந்தது!

கேள்வி: சார், எங்கள் ஊர் வாய்க்கால் மதகில் நீர்மட்டத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபைலில் எழுதும் சி புரோகிராம் ஒன்றை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்டுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் பாதி வரியோடு நின்றுவிடுகிறது. அதனால் அந்த இடத்தில் மட்டும் சிக்ப்ராக்மாஸ்க் (சிக்னல்களைத் தடுக்கும் ஃபங்ஷன்) போட்டு, கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னலான சிக்இன்ட்டைத் தடுத்தேன். சோதித்துப் பார்க்க நடுவில் 10 விநாடி ஸ்லீப் வைத்து ஐந்து தடவை அழுத்தினால், தடை நீங்கியதும் ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) ஒரே ஒரு தடவைதான் ஓடுகிறது. மதகை அடைத்தால் தண்ணீர் தேங்கி நிற்கும், திறந்தால் மொத்தமும் வரும். மீதி நாலு எங்கே போச்சு?
- மன்னார்குடி வாசகர்

பதில்: உங்கள் புரோகிராமில் தப்பில்லை, மதகு உதாரணம்தான் காலை வாரிவிட்டது. தடுத்த சிக்னல் தேங்குவதில்லை. 'இது வந்திருக்கிறது' என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒரு பிட்டை ஏற்றி வைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஏறிய பிட்டை இன்னும் நாலு தடவை ஏற்றினாலும் அது ஒன்றேதான். ஸ்லீப் ஓடும்போது இன்னொரு டெர்மினலில் அந்தப் புரோகிராமின் ப்ராக் ஸ்டேட்டஸ் ஃபைலைத் (/proc-இல் உள்ள status) திறந்து பாருங்கள்: எந்தெந்த சிக்னல் தடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் சிக்பிஎல்கே (SigBlk) வரியில், ஹெக்ஸ் எண்ணாக 0000000000000002 என்று இருக்கும். சிக்இன்ட்டின் எண் 2, அது இரண்டாவது பிட். சிக்டெர்மையும் (புரோகிராமை முடிக்கச் சொல்லும் சிக்னல், எண் 15) சேர்த்துத் தடுத்தால் கடைசி நாலு இலக்கம் 4002 ஆகும். எண்ணிக்கை முக்கியம் என்றால் ரியல்டைம் சிக்னல்கள் இருக்கின்றன, அவை வரிசையில் நிற்கும். உங்களுக்கு அது தேவையே இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. தடையை எடுக்க சிக்_அன்பிளாக் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விடுங்கள். தடுக்கும்போதே பழைய மாஸ்க்கை (தடுத்த சிக்னல்களின் பட்டியலை) வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்ததும் சிக்_செட்மாஸ்க்கில் அதையே திருப்பிப் போடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு இந்த ஃபங்ஷனை, தானும் சிக்இன்ட்டைத் தடுத்து வைத்திருக்கிற இன்னொரு ஃபங்ஷன் கூப்பிட்டால், மேல்மடைக்காரர் அடைத்த ஷட்டரைக் கீழ்மடைக்காரர் வந்து திறந்துவிட்ட கதைதான்.

இன்னொன்று, இதில் நானே அரை நாள் தொலைத்திருக்கிறேன். மாஸ்க் ஃபோர்க்கிலும் (புராசஸை நகலெடுப்பது) போகும், எக்ஸெக்கிலும் (அதில் வேறு புரோகிராமை ஏற்றுவது) போகும். தடுத்த நிலையிலேயே வேறொரு புரோகிராமைக் கிளப்பிவிட்டு, அது கன்ட்ரோல்-சிக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்து கீபோர்டைச் சந்தேகப்பட்டேன். குழந்தை புராசஸில் மாஸ்க்கைப் பழையபடி ஆக்கிவிட்டு எக்ஸெக் செய்யுங்கள்.

அப்புறம், சிக்கில் (SIGKILL, உடனே கொல்வது), சிக்ஸ்டாப் (SIGSTOP, நிறுத்தி வைப்பது) இரண்டையும் தடுக்க முடியாது. மாஸ்க்கில் சேர்த்தால் கெர்னல் பிழைகூடக் காட்டாது, கண்டுகொள்ளாமல் போய்விடும். மதகடியில் கரண்ட் போனாலும் இதே கதிதான், எந்த மாஸ்க்கும் உதவாது. ஒவ்வொரு வரி எழுதியதும் எஃப்சிங்க் (சேமிப்பகத்தில் உடனே எழுதவைப்பது) போடுங்கள், தொடங்கும்போது கடைசி வரி பாதியில் நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் வெட்டிவிடுங்கள்.